மெழுகுக் கட்டிக்குள் ஒரு முன்னறிவிப்பு

வெட்டி எடுத்த சுரப்பிக்கு முதலில் மை பூசுவார்கள். அறுவை அரங்கிலிருந்து நோய்க்குறியியல் கூடத்துக்கு வந்து சேரும் புராஸ்டேட் சுரப்பி ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும். வயதானவர்களுக்கு அது எலுமிச்சை அளவுக்கும் வீங்கியிருக்கலாம். வலப்பக்கத்துக்கு ஒரு நிற மை, இடப்பக்கத்துக்கு வேறொரு நிறம். பிறகு ஃபார்மலினில் ஊறவைத்து, வெள்ளரிக்காய் நறுக்குவதுபோல வில்லை வில்லையாக நறுக்கி, பாரஃபின் மெழுகில் பதித்துவிடுவார்கள். அந்த மெழுகுக் கட்டியிலிருந்து தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத சீவல்களை எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைப்பார்கள். புற்றுச்செல் மையைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்பதே மருத்துவர் முதலில் தேடும் விஷயம். தொட்டுக்கொண்டிருந்தால், கத்தி போன பாதையிலேயே புற்று இருந்திருக்கிறது. உடம்புக்குள் அதன் மிச்சம் தங்கியிருக்கலாம்.

இந்த வேலை முடிந்து அறிக்கை வரச் சில நாட்கள் ஆகும். அதற்குள் அறுவை செய்துகொண்டவர் பெரும்பாலும் வீடு திரும்பியிருப்பார், இடுப்போரம் தொங்கும் சிறுநீர்ப் பையோடு. அவர் கேட்கும் முதல் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான்: “முழுசா எடுத்தாச்சா, டாக்டர்?” அதற்கு அந்த மை ஓரளவு விடை சொல்லிவிடும். இரண்டாவது கேள்விதான் கடினம். திரும்ப வருமா? வந்தால் எலும்புக்குப் போகுமா?

எலும்பில் வலி தொடங்குவதற்கும், ஸ்கேனில் புள்ளி விழுவதற்கும் வெகுகாலம் முன்பே இந்தக் கேள்விக்கு விடை தரக்கூடிய அடையாளங்களைத்தான் மருத்துவர்கள் பயோமார்க்கர் என்கிறார்கள். தமிழில் உயிர்ச்சுட்டி எனலாம். ரத்தத்தில் மிதக்கும் புரதம் ஒரு சுட்டி. திசுவுக்குள் சில மரபணுக்கள் அளவுக்கு மீறி வேலை செய்வதும் ஒரு சுட்டி. புராஸ்டேட் புற்றுநோயில் இந்தத் தேடல் மற்ற புற்றுகளைவிடச் சுவாரசியமானது. காரணம், இந்த நோயின் நிதானம். திரும்பி வந்த பிறகும் சிலருக்கு அது பதினைந்து ஆண்டுகள் அசையாமல் கிடக்கும். சிலரை மூன்றே ஆண்டுகளில் படுக்கையில் தள்ளிவிடும். அறுவை முடிந்த நாளில் இருவரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

புராஸ்டேட்டை முழுதாக அகற்றும் அறுவையை அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹியூ ஹாம்ப்டன் யங் 1904இல் செய்தார். நெடுங்காலம் அது ரத்தம் பெருக்கெடுக்கும், ஆண்மையையும் சிறுநீர்க் கட்டுப்பாட்டையும் பலிகேட்கும் அறுவையாகவே இருந்தது. அதே மருத்துவமனையின் பேட்ரிக் வால்ஷ், சுரப்பியை ஒட்டி ஓடும் நரம்புக் கற்றைகளை அடையாளம் கண்டு, அவற்றைக் காப்பாற்றியபடி சுரப்பியை மட்டும் எடுக்கும் முறையை 1982இல் தொடங்கினார். அதன்பிறகு இந்த அறுவைக்கு ஆண்கள் துணிந்து வந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களை ஒரே கை அறுவை செய்ததால், பின்னாளில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த மிக முக்கியமான விடைகளில் ஒன்றும் அங்கிருந்தே வந்தது.

அதற்கு முன் பி.எஸ்.ஏ. பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பி.எஸ்.ஏ. புற்றுநோயின் நஞ்சு என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது ஆரோக்கியமான புராஸ்டேட் சுரக்கும் ஒரு நொதி. கெட்டியான விந்துவை நீர்க்கச் செய்வது அதன் வேலை. சுரப்பியின் குழாய்களுக்குள்ளேயே இருக்கவேண்டிய அது, சுவர் சிதையும்போது ரத்தத்தில் கசிகிறது. புற்றுநோயால் மட்டுமல்லாமல், வயதானதால் வரும் வீக்கத்தாலும் கிருமித்தொற்றாலும்கூடக் கசியும். அதனால்தான் சுரப்பி உள்ளவருக்கு பி.எஸ்.ஏ. கூடியிருந்தால் அது என்ன சொல்கிறது என்று அடித்துச் சொல்ல முடிவதில்லை. அதைப் பற்றிய சச்சரவும் ஓய்வதில்லை.

சுரப்பியை எடுத்த பிறகு கதை மாறிவிடுகிறது. ஆலையையே இடித்துவிட்டார்கள். கிடங்கில் மிஞ்சிய சரக்கு தீரும்வரைதான் சந்தையில் அது இருக்க வேண்டும். பி.எஸ்.ஏ.வின் அளவு ரத்தத்தில் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், நாலைந்து வாரங்களில் கருவிக்கே எட்டாத அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டாலோ, இறங்கிய பின் மறுபடி தலைகாட்டினாலோ, உடம்பில் எங்கோ ஒரு மூலையில் புராஸ்டேட் செல்கள் குடித்தனம் நடத்துகின்றன என்று பொருள். மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராம் என்ற அளவைத் தொட்டு, மறுபரிசோதனையிலும் அது உறுதியானால் நோய் திரும்பியதாகக் கணக்கு. ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய தடயத்தை வைத்து நோயின் வருகையை அறியும் வசதி, மிகச் சில புற்றுநோய்களில்தான் உண்டு. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1986இல் பி.எஸ்.ஏ. பரிசோதனைக்கு அனுமதி தந்ததும் நோய் கண்டவர்களைக் கண்காணிப்பதற்காகத்தான்; புதிதாக நோயைக் கண்டுபிடிக்க உதவும் சோதனையாக அது ஏற்கப்பட்டது 1994இல்.

பி.எஸ்.ஏ.வுக்கு ஒரு மூத்த உறவும் உண்டு. 1938இல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் கட்மன், எத்தெல் கட்மன் இருவரும், எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றில் ஆசிட் பாஸ்பட்டேஸ் என்ற நொதி ரத்தத்தில் எகிறுவதைக் கண்டறிந்தார்கள். விந்தணுச் சுரப்பிகளை நீக்கினால் அந்த அளவு சரிவதை 1941இல் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இந்த நொதி எகிறும் நாளில் நோய் ஏற்கெனவே எலும்பில் வேரூன்றியிருக்கும். வெள்ளம் ஊருக்குள் புகுந்த பிறகு அடிக்கும் தண்டோரா அது.

சரி, 0.2 வந்துவிட்டது. அடுத்து என்ன? 1999இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு வெளியிட்ட ஆய்வு இன்றும் இந்தத் துறையின் அடித்தளம். 1982 முதல் 1997 வரை வால்ஷ் அறுவை செய்த 1,997 ஆண்களை அது பின்தொடர்ந்தது. அவர்களில் 15 சதவீதம் பேருக்கு பி.எஸ்.ஏ. மீண்டும் தலைதூக்கியது. அங்கே ஒரு வழக்கம் இருந்தது: ஸ்கேனில் பரவல் தெரியும்வரை ஹார்மோன் சிகிச்சை தொடங்குவதில்லை. எனவே அந்த நோய் தன் போக்கில் விட்டால் எப்படி நடந்துகொள்ளும் என்பதை 304 பேரிடம் பார்க்க முடிந்தது. அவர்களில் பரவல் கண்டவர்கள் 34 சதவீதம்தான். பரவியவர்களுக்கும் 0.2இலிருந்து அங்கு போய்ச் சேர நடுத்தரமாக எட்டு ஆண்டுகள் ஆயின. அதற்குமேல் மரணத்துக்கு இன்னும் ஐந்து ஆண்டுகள்.

இந்த எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘பி.எஸ்.ஏ. திரும்ப வந்துவிட்டது’ என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு குடும்பம் எப்படி ஒடிந்துபோகும் என்பது அருகில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தொலைபேசி அழைப்புக்கும் எலும்பில் விழும் முதல் புள்ளிக்கும் இடையே, சிலருக்கு, பள்ளியில் சேர்ந்த பேரப்பிள்ளை கல்லூரிக்குப் போகும் அளவு காலம் இருக்கிறது. யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பிரிப்பதில்தான் சுட்டிகளின் மதிப்பு. ஹாப்கின்ஸ் குழு மூன்றைச் சொன்னது: அறுவைக்குப் பின் இரண்டு ஆண்டுக்குள் பி.எஸ்.ஏ. திரும்பியதா, திசுவின் தரமதிப்பீடு எவ்வளவு, பி.எஸ்.ஏ. இரட்டிக்க எத்தனை மாதம் எடுக்கிறது.

கடைசியாகச் சொன்னதுதான் சூட்சுமம். வட்டிக்கடன் வாங்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். முதலைவிட வட்டி விகிதம்தான் ஆளை முழுக்கும். இரண்டு பேருக்கும் இன்று 0.2. ஒருவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்றால் 0.4, 0.8, 1.6 என்று ஏறி ஒரே ஆண்டில் 3.2 ஆகிவிடும். இன்னொருவருக்குப் பதினைந்து மாதத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது, அதே 3.2ஐத் தொட அவருக்கு ஐந்து ஆண்டு வேண்டும். அதே மருத்துவமனையின் 379 பேரை ஆராய்ந்து ஸ்டீபன் ஃபிரீட்லண்ட் குழு 2005இல் எழுதியது இந்த வித்தியாசத்தை உயிரின் கணக்கில் காட்டியது. அறுவைக்கு மூன்று ஆண்டுக்குப் பின் பி.எஸ்.ஏ. திரும்பி, இரட்டிக்கப் பதினைந்து மாதமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டவர்களில், ஆய்வுக் காலத்தில் புராஸ்டேட் புற்றால் இறந்தவர் ஒருவரும் இல்லை. மூன்று மாதத்துக்குள் இரட்டித்தவர்களின் நிலைமை இதற்கு நேர் எதிர்.

அப்படியானால் வம்பு எதற்கு, எல்லோருக்கும் அறுவை முடிந்த கையோடு கதிர்வீச்சு கொடுத்துவிடலாமே? பல ஆண்டுகள் அப்படித்தான் யோசித்தார்கள். பிரிட்டன் தலைமையில் நடந்த ராடிகல்ஸ் சோதனை 1,396 ஆண்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு உடனே கதிர்வீச்சு, மறுபாதிக்கு பி.எஸ்.ஏ. ஏறினால் மட்டும். 2020இல் முடிவு வந்தபோது, உடனே கொடுத்ததால் நோயைக் கட்டுப்படுத்துவதில் கூடுதல் பலன் தெரியவில்லை. சிறுநீரை அடக்க முடியாத தொல்லை மட்டும் அவர்களுக்கு அதிகமாக இருந்தது. காத்திருப்பதே பெரும்பாலோருக்கு நல்லது என்று ஆயிற்று.

ஆனால் இரட்டிப்புக் காலத்தில் ஒரு குறை இருக்கிறது. காலத்தை அளக்கக் காலத்தையே செலவழிக்க வேண்டும். ஏறுமுகத்தைக் கணக்கிடப் பல பரிசோதனைகள், பல மாதங்கள். வேகமாகப் பரவும் புற்று உள்ளவருக்கு அந்த மாதங்கள் விலைமதிப்பற்றவை. அறுவை முடிந்த வாரத்திலேயே விடை வேண்டுமென்றால் ரத்தத்தை விட்டுவிட்டு மறுபடி அந்த மெழுகுக் கட்டியிடம்தான் போக வேண்டும்.

மெழுகுக் கட்டியை முதலில் வாசித்தது கண்தான். மினியாபொலிஸ் படைவீரர் மருத்துவமனையில் நோய்க்குறியியல் மருத்துவராக இருந்த டொனால்ட் கிளீசன், 1966இல், செல்கள் தனித்தனியாக எப்படி இருக்கின்றன என்று பாராமல் அவை சேர்ந்து என்ன கோலம் போடுகின்றன என்று பார்த்து ஐந்து தரங்கள் வகுத்தார். ஒழுங்கான சிறு வளையங்கள் நல்லவை. வளையம் உடைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, கடைசியில் வடிவமே இல்லாமல் சிதறிக் கிடப்பவை கெட்டவை. அதிகம் தெரியும் கோலத்தின் எண்ணையும் அடுத்ததன் எண்ணையும் கூட்டினால் கிளீசன் மதிப்பெண். மூன்றும் நான்கும் ஏழு. நான்கும் மூன்றும் ஏழு. கூட்டல் ஒன்றுதான், விதி ஒன்றல்ல. நான்காம் தரக் கோலம் மேலோங்கியவர்களுக்கு நோய் பரவும் வாய்ப்பு தெளிவாகக் கூடுதல். அதனால்தான் இன்றைய அறிக்கைகள் இரண்டையும் வேறு வேறு தரக்குழுக்களாகப் பிரித்துக் காட்டுகின்றன. அறுபது ஆண்டுகள் கழித்தும், கோடிக்கணக்கில் செலவிட்டு உருவாக்கிய சோதனைகள் எல்லாம் முதலில் கிளீசனோடு மோதி ஜெயித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஆனாலும் ஒரே மதிப்பெண் பெற்ற இருவருக்கு வேறு வேறு விதி வாய்க்கிறது. ஏன் என்பதற்கு 1889இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் சொன்ன உவமை இன்றும் உதவுகிறது. மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிணக்கூறாய்வுக் குறிப்புகளைப் புரட்டிய அவர், புற்று கண்ட இடத்தில் பரவுவதில்லை, சில உறுப்புகளையே நாடுகிறது என்று கண்டார். விதை நாலாபுறமும் பறந்தாலும் ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். புராஸ்டேட் விதைக்குப் பிடித்த மண் எலும்பு. அதிலும் இடுப்பும் முதுகெலும்பும். அங்கே போன செல் உடனே முளைப்பதும் இல்லை. ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையில், ரத்தத்தின் மூலச்செல்கள் உறங்கும் இடங்களிலேயே புகுந்து அதுவும் ஆண்டுக்கணக்கில் உறங்குகிறது. கோடை உழவுக்குப் பின் மண்ணுக்கடியில் கிடக்கும் கோரைக் கிழங்கு போல. அறுவைக்கு முன்பே சில செல்கள் புறப்பட்டுப் போயிருக்கலாம் என்பதால், போனவற்றைத் தேடுவதைவிட, போகும் குணம் அந்தப் புற்றுக்கு இருக்கிறதா என்று மூலத் திசுவில் பார்ப்பதே முன்கூட்டி அறியும் வழி.

அந்தக் குணத்தைத் தேடி அமெரிக்காவின் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் ஆய்வுக்கூடம் செய்த வேலைகள் ஏற்றமும் இறக்கமும் நிறைந்தவை. 2002இல், மற்ற மரபணுக்களை ஊமையாக்கும் இ.இசட்.எச்.2 என்ற மரபணு, பரவிய புராஸ்டேட் புற்றில் மிகையாக வேலை செய்வதைக் கண்டார்கள். 2005இல், இந்தப் புற்றுகளில் ஏறத்தாழ பாதியில் இரண்டு மரபணுக்கள் முறிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டது உலகையே திரும்பிப் பார்க்கவைத்தது. ஆனால் எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பானாலும், யாருக்கு நோய் பரவும் என்று பிரித்துச் சொல்ல அந்த ஒட்டு பெரிதாகக் கைகொடுக்கவில்லை. நோய் எப்படிப் பிறக்கிறது என்பதற்கான தடயமும், அது எங்கே போகும் என்பதற்கான தடயமும் வேறு வேறு என்ற பாடம் அதில் கிடைத்தது.

2009இல் இன்னொரு பரபரப்பு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களை அளந்து, சார்கோசின் என்ற சிறு மூலக்கூறு நோய் முற்ற முற்றக் கூடுகிறது, சிறுநீரிலேயே அதைப் பார்க்கலாம் என்று ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. சிறுநீர்ப் பரிசோதனையிலேயே விதி தெரிந்துவிடும் என்று செய்தித்தாள்கள் எழுதின. அடுத்து வந்த மற்ற குழுக்களின் ஆய்வுகளில் அந்தப் பலன் நிலைக்கவில்லை. அதே மிஷிகன் குழு 2013இல் ஷ்லாப்-1 என்ற, புரதம் எதையும் உருவாக்காத ஆர்.என்.ஏ. ஒன்றைச் சுட்டியது, அது தாக்குப்பிடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைத் திசுக்களில் பார்த்தபோதும், பரவலோடு அதற்கு இருந்த தொடர்பு உறுதியாக நின்றது. ஒரு சுட்டியை நம்பலாமா என்பதை முதல் கட்டுரையை வைத்து முடிவு செய்யக்கூடாது. வேறு ஊரில், வேறு கைகளில், வேறு நோயாளிகளிடம் அது மீண்டும் பலித்ததா என்று பார்க்க வேண்டும்.

இப்போது மினசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகருக்குப் போகலாம். அங்குள்ள மேயோ மருத்துவமனை, அறுவை செய்தவர்களின் மெழுகுக் கட்டிகளைப் பல பத்தாண்டுகளாகப் பத்திரப்படுத்தியதோடு, அவர்கள் ஒவ்வொருவருக்கும் பிறகு என்ன ஆனது என்பதையும் குறித்துவைத்திருந்தது. ஒருபக்கம் திசு, மறுபக்கம் வாழ்க்கை. இரண்டையும் பொருத்தினால் போதும் என்று சொல்வது எளிது. இடையில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. மரபணுக்கள் எந்த அளவு வேலை செய்தன என்பதற்குச் சாட்சி ஆர்.என்.ஏ.; அது உயிருள்ள செல்லிலேயே எளிதில் சிதையும் பொருள். ஃபார்மலினும் மெழுகும் ஆண்டுகளும் சேர்ந்து அதைப் பொடிப்பொடியாக்கியிருந்தன. கரையான் அரித்த ஓலைச்சுவடியைப் போல அங்கங்கே சில எழுத்துகள்தான் மிச்சம். நீண்ட ஆர்.என்.ஏ.வைத் தேடும் பழைய கருவிகளுக்கு அது பயன்படவில்லை. பதினான்கு லட்சம் நுண்ணிய சோதனைப் புள்ளிகள் கொண்ட ஒரு சில்லு வந்த பிறகே, அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக அடையாளம் காண முடிந்தது.

மேயோவும் ஜீனோம்டிஎக்ஸ் என்ற நிறுவனமும் சேர்ந்து 545 பேரின் திசுக்களை இப்படி வாசித்தன. நோய் திரும்பாதவர்கள், பி.எஸ்.ஏ. மட்டும் ஏறியவர்கள், எலும்புக்குப் பரவியவர்கள் என்று மூன்று வகையினர் அதில் இருந்தார்கள். பெரும்பகுதியைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி தந்து, மீதி 186 பேரைச் சோதனைக்கு ஒதுக்கினார்கள். பதினான்கு லட்சம் குரல்களிலிருந்து கடைசியில் தேர்ந்தது 22 குரல்கள். செல் பெருக்கம், செல்களுக்கிடையிலான ஒட்டுதல், நகர்வு, நோயெதிர்ப்பு என்று பல வேலைகளைச் சேர்ந்தவை அவை. சில, புரதமே உருவாக்காத பகுதிகளிலிருந்து வந்தவை. அவற்றைச் சேர்த்து 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண் தருவதே 2013இல் வெளியான டெசைஃபர் சோதனை. 0.45க்குக் கீழே இருந்தால் அபாயம் குறைவு, 0.60க்கு மேலே போனால் அதிகம்.

அதே ஆண்டில், அபாயம் கூடுதலாகக் கருதப்பட்ட 219 பேரிடம் அதைச் சோதித்தார்கள். மதிப்பெண் குறைந்தவர்களில் ஐந்து ஆண்டுக்குள் பரவல் கண்டவர்கள் 2.4 சதவீதம், நடுவில் இருந்தவர்களில் 6, உயர்ந்தவர்களில் 22.5. மை பூசி, நுண்ணோக்கியில் பார்த்து, ‘அபாயம்’ என்று முத்திரை குத்திய ஆண்களில் பெரும்பாலோர் உண்மையில் அபாயத்தில் இல்லை என்பதே இதில் கவனிக்கவேண்டிய செய்தி. பயமுறுத்தும் சுட்டிகளுக்கே செய்திகளில் இடம் கிடைக்கிறது. தேவையில்லாத கதிர்வீச்சிலிருந்தும், எலும்பைத் தேய்த்து, உடலைச் சூடாக்கி, ஆசையை அணைத்துவிடும் ஹார்மோன் ஊசியிலிருந்தும் ஒரு மனிதரைக் காப்பாற்றும் சுட்டி எந்த வகையிலும் அதற்குக் குறைந்ததல்ல.

இதைச் சரிபார்க்க இன்னொரு மெழுகுக் களஞ்சியம் உதவியது. அறுவைக்குப் பின் பி.எஸ்.ஏ. ஏறியவர்களுக்குக் கதிர்வீச்சு மட்டும் போதுமா, இரண்டு ஆண்டு ஹார்மோன் தடுப்பு மாத்திரையும் வேண்டுமா என்று 1998இல் தொடங்கிய ஒரு பெரிய அமெரிக்கச் சோதனை, மாத்திரையோடு சேர்ந்தவர்கள் அதிக நாள் வாழ்ந்ததாகக் காட்டியிருந்தது. அதில் பங்கேற்ற 352 பேரின் பழைய திசுக்களை டெசைஃபர் முறையில் மறுபடி வாசித்தார்கள். 2021இல் வெளியான முடிவு: மதிப்பெண் உயர்ந்தவர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டு உயிர்வாழ்வில் மாத்திரையால் கிடைத்த ஆதாயம் 8.9 சதவீதப் புள்ளிகள், குறைந்தவர்களுக்கு 2.4தான். சோதனை தொடங்கியபோது பிறந்தே இராத ஒரு கருவி, சோதனை முடிந்த பின் அதன் விடையைக் கூர்மையாக்கியது. யாரோ ஓர் ஆய்வுக்கூட உதவியாளர் இருபது ஆண்டுகளுக்கு முன் அந்தக் கட்டிகளை முறையாக எண்ணிட்டு அடுக்கிவைத்ததால்தான் இது நடந்தது.

இதையும் தெய்வவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் ஆய்வில் டெசைஃபரின் கூர்மை 0.75 என்று குறிக்கப்பட்டது. பரவல் கண்ட ஒருவரையும் காணாத ஒருவரையும் பக்கத்தில் நிறுத்தினால், நான்கில் மூன்று முறை சரியாக இனம் காணும், ஒருமுறை தவறும். இந்தச் சோதனைக்குப் பயிற்சி தந்த திசுக்களும் பெரும்பாலும் அமெரிக்க வெள்ளையர்களுடையவை. தெற்காசிய ஆண்களிடம் அதே எல்லைக்கோடுகள் அப்படியே பொருந்துமா என்பதை இங்குள்ள திசுக்களில், இங்குள்ள பதிவேடுகளோடு பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பல ஆயிரம் டாலர் விலையும் சேர்ந்தால், நம் ஊர் நோயாளிக்கு இது எட்டாக்கனியாகவே நிற்கிறது. இது வருத்தமான உண்மை.

மெழுகை விட்டு உடம்பைப் பார்க்கும் சுட்டியும் இப்போது வந்துவிட்டது. புராஸ்டேட் புற்றுச்செல்களின் மேற்பரப்பில் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதம் மண்டிக் கிடக்கும். பெயர் பி.எஸ்.ஏ. போல ஒலித்தாலும் இது வேறு. ரத்தத்தில் கசியாமல் செல்லிலேயே ஒட்டிக்கொண்டிருப்பது. அதைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறில், 68 நிமிடத்தில் பாதியாகத் தேயும் காலியம் என்ற கதிரியக்கத் தனிமத்தைக் கட்டி உடலில் செலுத்தினால், செல்கள் ஒளிந்திருக்கும் இடம் பெட் ஸ்கேனில் விளக்கேற்றியது போலத் தெரியும். ஆஸ்திரேலியாவில் 302 ஆண்களிடம் நடந்த சோதனையில், பழைய ஸ்கேன்களின் துல்லியம் 65 சதவீதம், இதனுடையது 92 சதவீதம். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. அறுவை போன்ற சிகிச்சைக்குப் பின் பி.எஸ்.ஏ. ஏறிய 635 பேரை ஆராய்ந்த கலிபோர்னிய ஆய்வில், பி.எஸ்.ஏ. 5ஐத் தாண்டியவர்களில் 97 சதவீதம் பேருக்குப் புற்று இருந்த இடம் தெரிந்தது, 0.5க்குக் கீழே இருந்தவர்களில் 38 சதவீதம் பேருக்குத்தான் தெரிந்தது. ஸ்கேன் வெறுமையாக வந்தால் நோய் இல்லை என்று பொருளல்ல. கண்ணுக்குப் படும் அளவுக்குக் கூட்டம் சேரவில்லை, அவ்வளவே.

ரத்தத்தில் சுற்றும் புற்றுச்செல்லையே பிடித்துவிடலாமே என்ற எண்ணமும் பழையது. 1869இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வொர்த், புற்றால் இறந்த ஒருவரின் ரத்தத்தில் கட்டியில் இருந்ததைப் போன்ற செல்களைப் பார்த்து எழுதிவைத்தார். இன்று ஏழரை மில்லிலிட்டர் ரத்தத்தில் ஐந்து செல்கள் இருந்தால் அபாயம் என்று எண்ணிச் சொல்லும் கருவி இருக்கிறது. ஆனால் அது பரவிய நோய்க்கு. அறுவை முடிந்த புதிதில் செல்லோ, செல் உடைந்து சிந்தும் டி.என்.ஏ.வோ சிக்குவது அரிது. புராஸ்டேட் புற்று ரத்தத்தில் தடயம் சிந்துவதில் கஞ்சத்தனமானது. பிறப்பிலேயே வரும் பி.ஆர்.சி.ஏ.2 மரபணுக் கோளாறு இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. அது உள்ளவர்களின் புற்று மூர்க்கமானது. குடும்பத்தில் அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்திருந்தால், அறுவை செய்துகொண்ட ஆண் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

சுட்டி கண்டதைச் செய்கையாக மாற்ற முடியும் என்பதற்கு 2023இல் வெளியான எம்பார்க் சோதனை நல்ல சாட்சி. முதல் சிகிச்சைக்குப் பின் பி.எஸ்.ஏ. ஒன்பது மாதத்துக்குள் இரட்டித்த, ஆனால் வழக்கமான ஸ்கேனில் பரவல் எதுவும் தெரியாத 1,068 ஆண்கள். வழக்கமான ஹார்மோன் ஊசியோடு என்சலூட்டமைட் மாத்திரையும் சேர்த்துக்கொண்டவர்களில் 87.3 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுகள் பரவல் இன்றி வாழ்ந்தார்கள்; ஊசி மட்டும் போட்டவர்களில் 71.4. இவர்களைத் தேர்ந்தெடுத்தது இரட்டிப்பு வேகம் என்ற அந்தப் பழைய, மலிவான கணக்கு. இதற்கு ஒரு படி முன்னே போகிறது, அமெரிக்காவில் நடக்கும் எராடிகேட் என்ற சோதனை. பி.எஸ்.ஏ. ஏறுவதற்கே காத்திராமல், அறுவைத் திசுவின் டெசைஃபர் மதிப்பெண் 0.60ஐத் தாண்டினாலே தீவிர ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கிப் பார்க்கிறார்கள்.

இவ்வளவும் நடப்பதற்கு நோயாளியின் கையில் இருக்கும் பங்கு சிறியதுதான். ஆனால் அதை வேறு யாரும் செய்ய முடியாது. பி.எஸ்.ஏ.வை ஒவ்வொரு முறையும் ஒரே கூடத்தில், ஒரே முறையில் பார்ப்பது நல்லது. இந்த முறை ஒரு லேப், அடுத்த முறை இன்னொரு லேப் என்று மாற்றினால், கருவிகளுக்கு இடையிலுள்ள வித்தியாசமே பொய்யான ஏற்றமாகத் தெரியும். எண்களைத் தேதியோடு ஒரு நோட்டில் வரிசையாக எழுதிவைத்தால், இரட்டிப்புக் காலத்தை எந்த மருத்துவரும் சில நிமிடங்களில் கணக்கிட்டுவிடுவார். அறுவைத் திசுவின் அறிக்கையில் மெழுகுக் கட்டிகளின் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அறிக்கையைப் பத்திரப்படுத்தி, கட்டிகளை எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்று மருத்துவமனையில் ஒரு வார்த்தை கேட்டுவைத்து, தேவையென்றால் எழுதிக்கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். தீப்பெட்டியைவிடச் சற்றே சிறிய அந்தப் பிளாஸ்டிக் சட்டகத்தை வெயில் படாத அலமாரியில் வைத்தால் போதும். பத்தாண்டு கழித்து இன்னும் கூர்மையான ஒரு சோதனை வரும்போதும் அதற்குள்ளிருக்கும் திசுவை வாசிக்கலாம்.